விசுக்கு பொறுத்த நாள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்னே விசுக்கென்று எழுந்து, தப்பான பதிலைச் சொல்லிவிட்டு, விசுக்கென்று உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது 'விசுக்கு'. கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, முன் தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அதுதான் பெயர்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். சொல்கிறவர்கள் இவளைப் பார்த்ததில்லை. இவளுக்குப் புத்தி வேண்டிய மட்டும் இருந்தது. என்ன, காரியம் ஒரு பஸ்ஸில் வந்தால் புத்தி அடுத்த பஸ்ஸில் வரும். ஒரு மத்தியானம் கழுத்து வேர்க்கிறதே என்று தோன்றியது, கையில் கத்தரிக்கோல் இருந்தது, இடுப்பு வரை இருந்த கூந்தல் குப்பைத் தொட்டிக்குப் போனது. போனில் யாரோ எரிச்சல் மூட்டினார்கள் என்று போனைத் தண்ணீர் வாளியில் போட்டாள். போட்ட கையோடு வெளியே எடுத்துத் துண்டால் துடைத்து அதனிடம் மன்னிப்புக் கேட்டாள். மழையில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணுக்குத் தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தான் காய்ச்சலில் விழுந்தாள். நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான். கத்தித் தீர்த்த மறு நிமிஷம் முதலில் அழுகிறவளும் அவள்தான்.

கண்ணாடிக் கடையில் வேலை. அந்த வேலையை எத்தனை தடவை விட்டாள் என்று முதலாளிக்கே நினைவில்லை. "இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன்" என்று சாவியை மேஜையில் வீசுவாள். அவர் தலையைக்கூடத் தூக்காமல், "சாவியை எடுத்துட்டுப் போ. காலையில யார் கடையைத் திறக்கிறது?" என்பார். காலையில் அவள்தான் திறப்பாள்.

முதலாளி பொறுத்துப்போனது தர்மத்துக்காக இல்லை. கண்ணாடி வெட்டுகிற வேலை அப்படி. கம்பளி விரித்த மேஜையில் கண்ணாடிப் பாளத்தைக் கிடத்தி, அளவுகோலை அழுத்திப் பிடித்து, மண்ணெண்ணெயில் முக்கிய கட்டரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் கை தயங்கினால் போச்சு. சரியாக விழவில்லையோ என்று அதே கோட்டின் மேல் இரண்டாம் தடவை இழுத்தால் அதைவிட மோசம். கோடு போட்ட சூட்டோடு சூடாகப் பாளத்தை மேஜை விளிம்பில் வைத்து ஒடித்துவிட வேண்டும். ஆறவிட்டால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு ஓடும். யோசிக்கிறவன் கைக்கு வராத வித்தை இது. விசுக்குக்குப் பிறவியிலேயே வந்திருந்தது. சர்ரென்று ஓர் இழுப்பு, டக்கென்று ஓர் ஒடிப்பு, அலமாரிக் கண்ணாடி தயார். உலகத்தில் யோசிக்காமல் செய்ததற்காக அவளை யாராவது மெச்சினார்கள் என்றால் அது அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான்.

வீட்டில் மெச்ச ஆளில்லை. கணவன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். வாயில்லாப் பூச்சி, வீட்டில் இருக்கும் நாளிலும் லாரிக்குள் இருப்பது போலத்தான் இருப்பான், முன்னால் பார்த்துக்கொண்டு. அவனை வளர்த்தது அவனுடைய அக்கா. தாய் போனபின் தாய்க்குத் தாயாக நின்றவள். அதை அவளே எல்லாரிடமும் சொல்வாள், நாம் மறந்துவிடக் கூடாதே என்று. பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் வார்டன். இடுப்பில் சாவிக்கொத்து, உதட்டில் சிரிப்பு. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வார்டன் கிள்ளுவது தொட்டிலுக்கே தெரியாது.

எப்படி என்று சொல்கிறேன். விசுக்கு சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அம்மா ஒரு சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்தாள். "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கையில் பை இல்லை, சண்டை இல்லை, ஒன்றும் இல்லை. திரும்பி வரவேயில்லை. அந்த அம்மாவும் இப்படித் திடுதிப்பென்று காரியம் செய்கிறவள்தான் என்று பிற்பாடு சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பால் பொங்கி வழிந்து, அடுப்பை நனைத்து, மிச்சம் கருகி, பாத்திரம் கறுத்துப்போகும்வரை சின்னப்பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்த்துக்கொள் என்றுதானே அம்மா சொன்னாள்.

கல்யாணமான புதிதில் இதைக் கணவனிடம் சொன்னாள். அவன் வெள்ளந்தியாக அக்காவிடம் சொன்னான். அன்றிலிருந்து வார்டனுக்கு ஒரு கேள்வி கிடைத்தது. நாலு பேர் இருக்கும் இடத்தில், விசுக்கு கொஞ்சம் குரல் உயர்த்தினாலோ, அவசரமாக எழுந்தாலோ, முகம் நிறைந்த கரிசனத்தோடு கேட்பாள்: "என்னம்மா, பால் அடுப்புல இருக்கா?"

அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு அது பால் விசாரணை. விசுக்குக்கு மட்டும் காதுக்குள் ஏதோ வெடிக்கும். கையில் இருப்பது பறக்கும், வாயில் வரக்கூடாதது வரும். சுற்றி இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பாவம் அந்த வார்டன், பால் இருக்கா என்று கேட்டதற்கா இந்தக் கூத்து?

போன வருஷம் மகள் சுண்டுவுக்கு விசுக்கு ஒரு முகக் கண்ணாடி வெட்டினாள். ஓரமெல்லாம் கையாலேயே தேய்த்து வழவழவென்று ஆக்கி, மகள் உயரத்துக்குச் சுவரில் மாட்டப் போனாள். ஆணி சரியில்லை. "சனியனே" என்று ஆணியைத்தான் திட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த வார்டன் கேட்டாள், அதே கேள்வியை. கண்ணாடி எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. ஒரு சில்லு தெறித்துச் சுண்டுவின் புருவத்தைக் கிழித்தது.

தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இதற்குமேல் சொல்லிக்கொள்ள விசுக்குக்கு என்ன இருக்கிறது? கேள்வி கேட்டது வார்டன், எறிந்தது இவள் கை. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை நேராக ஹாஸ்டலுக்கு, தன் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போய்விட்டாள் வார்டன். கணவன் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றான். குடும்பத்தில் மிச்சம் இருந்த ஒரே பெரியவர் அவனுடைய சித்தப்பா, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போனிலேயே முடிவு சொன்னார்: "மருமக வைத்தியம் பாக்கட்டும். அப்புறம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து, பிள்ளை எங்க இருக்கிறதுன்னு பேசுவோம்."

அதற்குப் பிறகு அவள் மகளைப் பார்த்தது ஹாஸ்டலின் பார்வையாளர் அறையில். மற்ற பெற்றோர்கள் உட்காரும் அதே பிளாஸ்டிக் நாற்காலி. மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். சுண்டு பின்னல் பின்னி, சாக்ஸ் போட்டு, புருவத்தில் கோடோடு வந்து உட்காரும். எப்போம்மா வீட்டுக்கு என்று கேட்கும். இவள் வார்டனைப் பார்ப்பாள். வார்டன் சிரிப்பாள்.

வைத்தியத்துக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனாள். பெரியாஸ்பத்திரியில் மாடி வராந்தாவின் கோடி அறை. டாக்டரம்மாவுக்கு இவளைவிட வயது கம்மி. மேஜை மேல் பிஸ்கட் பாக்கெட் திறந்தே இருக்கும். "எடுத்துக்கோங்க" என்று சொல்லும் முன் விசுக்கு எடுத்திருந்தாள். டாக்டரம்மா சிரித்தாள்.

"உங்ககிட்ட பிரேக் இல்லாம இல்ல. கொஞ்சம் தாமதமாப் பிடிக்குது, அவ்வளவுதான். சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும். சின்ன வயசுல பெரிய அடி விழுந்திருந்தா, தூக்கம் கெட்டிருந்தா, இன்னும் தாமதமாப் பிடிக்கும். கெட்ட புத்தின்னு அர்த்தம் இல்லம்மா."

இத்தனை வயதுக்கு அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு மாத்திரை கொடுத்தாள் டாக்டரம்மா. நேரத்துக்குத் தூங்கச் சொன்னாள். கோபம் வந்தால் இரண்டு பாதமும் தரையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னாள். கால் தரையில் இருக்கும்வரை கை பறக்காதாம். இன்னொன்றும் சொன்னாள். "வெடிச்சதைப் பத்தி யோசிக்காதீங்க. வெடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? யார் இருந்தாங்க, என்ன சொன்னாங்க? அதை மட்டும் பாத்துக்கிட்டு வாங்க."

விசுக்கு பார்த்துக்கொண்டு வந்தாள். கடைக்கு நடக்கும்போது, கண்ணாடி ஓரம் தேய்க்கும்போது, பழைய வெடிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அதற்கு முந்திய நிமிஷத்தைத் துருவினாள். சின்னச் சின்ன வெடிப்புகளுக்குச் சின்னச் சின்ன காரணம். பெரிய வெடிப்புகளில், வெட்கக்கேடான வெடிப்புகளில், எல்லாவற்றிலும் முந்திய நிமிஷத்தில் ஒரே முகம் உட்கார்ந்திருந்தது. ஒரே கேள்வி. இவள் தற்செயல் என்று நினைத்திருந்தாள். தற்செயல் இவ்வளவு ஒழுங்காக வராது. அவள் கையிலிருந்த தேய்ப்புக் கல் நின்றது.

வழக்கமாக இருந்தால் அந்த நிமிஷமே பஸ் ஏறிப் போய் ஹாஸ்டல் வாசலில் நின்று ஊரைக் கூட்டியிருப்பாள். போகவில்லை. இரண்டு பாதமும் தரையில் இருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோபம் அவளுக்குள் வந்து, வெளியே போகாமல், சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, ரொம்பவே பிடித்திருந்தது. கோபம் என்றால் வாந்தி மாதிரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அதைச் சேர்த்துவைக்கலாம் என்று தெரிந்திருக்கவில்லை. சுண்டுவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், அது முதல். ஆனால் வெறுமனே கூட்டிக்கொண்டு வந்தால் போதாது. இத்தனை வருஷம் வார்டன் தன்னை எந்தச் சபையில் பைத்தியமாக நிற்க வைத்தாளோ, அதே சபையில் அவளும் ஒரு தடவை நிற்க வேண்டும்.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் கேட்டாள்: "இன்னொருத்தருக்கு எதனால கோபம் வரும்னு இதே மாதிரி பாத்துக் கண்டுபிடிக்க முடியுமா?"

டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அடுத்தவங்க மனசைப் பாக்க ஆரம்பிச்சிருக்கீங்க. பெரிய முன்னேற்றம்மா இது." சந்தோஷத்தில் பிஸ்கட் பாக்கெட்டையே தள்ளிவிட்டாள். விசுக்கு ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டாள்.

பொறுமை பழகுவதில் ஓர் இடத்தில் மட்டும் சறுக்கினாள். பழக்கம் முற்றி, கடை மேஜையிலும் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு பெரிய மீன்தொட்டிக்கான பாளத்தில் கோட்டைப் போட்டுவிட்டு, கால் இரண்டும் தரையில் இருக்கிறதா என்று பார்த்தாள். நிதானமாக மூச்சு விட்டாள். பிறகு ஒடித்தாள். கண்ணாடி கோட்டை மதிக்காமல் குறுக்கே ஓடிப் பிளந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைத் தொடப் போனபோது முதலாளி ஓடிவந்தார்.

"என்ன பண்றே நீ?"

"பொறுமையா இருக்கேன்."

"அம்மா தாயே, உன் பொறுமையை வாசல்ல செருப்போட விட்டுட்டு வா. பழையபடி கிறுக்கியா இரு. எனக்குக் கண்ணாடி வேணும்."

அன்றிலிருந்து அவள் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டாள். கண்ணாடிக்குப் பழைய விசுக்கு, மனுஷர்களுக்குப் புது விசுக்கு.

பார்வையாளர் அறையில் புது விசுக்கு உட்கார்ந்து வார்டனைப் பார்த்தாள். வார்டன் தன் கேள்வியைக் கேட்கத்தான் செய்தாள். மகளின் பின்னலைச் சரிசெய்ய இவள் சட்டென்று குனிந்தபோது, "பாத்துமா, பால் அடுப்புல இருக்கா?" என்றாள். விசுக்கு தன் பாதங்களைப் பார்த்தாள். "இல்ல அண்ணி" என்றாள். வார்டன் முகத்தில் சிரிப்பு ஒரு நொடி இடம் தெரியாமல் தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் இவள் வைத்துவைத்து ரசித்தாள்.

ஆனால் வார்டனின் நரம்பு எது? லேசில் அகப்படவில்லை. ஹாஸ்டல் பெண்கள் கூச்சல் போட்டாலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. பெற்றோர் சண்டைக்கு வந்தாலும் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு சிரித்தாள். ஒருநாள் கணவனும் கூட வந்திருந்தான். சுண்டுவுக்கு ஜுரம் வந்தபோது அக்கா ராவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொண்டதைக் கேள்விப்பட்டு, "ரொம்ப நன்றிக்கா" என்றான். வார்டனின் இடுப்பில் சாவிச் சத்தம் நின்றது.

"நன்றியா? எனக்கா சொல்றே?"

கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. தம்பி சொன்னது வெறும் இரண்டு வார்த்தை. பிறகு சமாளித்துக்கொண்டாள். கணவன் ஒன்றையும் கவனிக்கவில்லை. விசுக்கு கவனித்தாள். தம்பி வீட்டில் தான் வெளியாள் என்கிற எண்ணம்தான் அவளுக்கு அடுப்பில் வைத்த பால். அகப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் வார்த்தைகளை அறுத்து ஓரம் தேய்த்ததுதான். கடையில் விற்பனைக்குச் சாய்த்து வைத்திருக்கும் ஆளுயரக் கண்ணாடிகளின் முன்னால் நின்று மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். புன்னகை எங்கே வர வேண்டும், கை எங்கே இருக்க வேண்டும். முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டு, "யாருகிட்டப் பேசறே?" என்றார். "எங்க அண்ணிகிட்ட" என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

சித்தப்பா வரச்சொன்ன ஞாயிற்றுக்கிழமை வார்டனின் குவார்ட்டர்ஸில் கூடினார்கள். முன்னறையில் சுவரோரமாக நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தாள், பரீட்சை மாதிரி. சித்தப்பா வலிக்கிற முழங்காலை நீட்டி ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டார். கணவன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். சுண்டுவை உள் அறைக்கு அனுப்பினார்கள். கதவு பாதி திறந்தே இருந்தது.

வார்டன்தான் ஆரம்பித்தாள். "நான் யாரையும் குறை சொல்லல சித்தப்பா. பிள்ளைக்கு ஒரு ஒழுங்கு வேணும். இங்க மணி அடிச்சா சாப்பாடு, மணி அடிச்சாப் படிப்பு. அங்க எப்போ எது பறக்கும்னு யாருக்குத் தெரியும்?"

விசுக்கு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாத்திரை ஒழுங்காப் போடுறியாம்மா? பேச்சு ஏதோ தடிச்ச மாதிரி இருக்கே."

"போடறேன் அண்ணி."

"நிறுத்தினா இன்னும் மோசமாயிடுமாமே?"

"எப்போ நிறுத்தணும்னு டாக்டரம்மா சொல்வாங்க அண்ணி."

சித்தப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பைத்தியம் என்று கேள்விப்பட்டு வந்தவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவள் தபால் ஆபீஸ் கவுன்ட்டர் பெண்ணைவிட அமைதியாக இருந்தால் குழப்பம் வராதா? வார்டன் அந்தக் குழப்பத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவசரப்பட்டாள். இத்தனை வருஷமும் சரியான நேரம் பார்த்துக் கேட்ட கேள்வியை, நேரம் காலம் இல்லாமல், யாரும் எழுந்திருக்காமல், குரல் உயர்த்தாமல் இருந்தபோது கேட்டாள்.

"ஏம்மா, பால் அடுப்புல இருக்கா?"

"இல்ல அண்ணி. ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

"எந்தப் பாலு?" என்றார் சித்தப்பா.

விசுக்கு அவர் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா அடுப்புல பாலை வெச்சுட்டு வீட்டை விட்டுப் போனாங்க சித்தப்பா. அப்போ எனக்கு சுண்டு வயசு. நானும் ஒருநாள் அப்படிப் போயிடுவேன்னு அண்ணி ஞாபகப்படுத்துவாங்க. கண்ணாடி உடைஞ்ச அன்னிக்கும் இதைத்தான் கேட்டாங்க."

கணவன் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினான். இவ்வளவு காலமும் அந்தக் கேள்வியைத் தன் காதாலேயே கேட்டு, அதைப் பால் என்றே நம்பிக்கொண்டிருந்தவன். "அக்கா" என்றான். "அதை நான் உன்னை நம்பித்தானே சொன்னேன்."

"நான் பாலைத்தான் கேட்டேன்" என்றாள் வார்டன். அது அவள் காதுக்கே எடுபடவில்லை.

சித்தப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "பிள்ளை அம்மாகிட்டப் போகட்டும். இன்னிக்கே போகட்டும்" என்றார்.

கேட்டது கிடைத்துவிட்டது. இத்தோடு எழுந்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் அவளுக்கு நான் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன். ஆனால் ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. கண்ணாடிக் கடையில் தேய்த்துத் தேய்த்து வைத்த வார்த்தைகள் அப்படியே இருந்தனவே, அவற்றை என்ன செய்வது? வீட்டுக்கா எடுத்துப் போவாள்?

எழுந்து நின்றாள். பார்வையாளர் அறையில் மற்றப் பெற்றோர்கள் நிற்பது போலவே, கொஞ்சம் குனிந்து, பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரொம்ப நன்றி மேடம். ஹாஸ்டல்ல என் பொண்ணை நல்லாப் பாத்துக்கிட்டீங்க. உங்க வேலைக்கு நடுவுல ரொம்ப சிரமப்பட்டிருப்பீங்க. இனிமே எங்க குடும்பத்தை நாங்க பாத்துக்கறோம்."

வார்டனின் கழுத்து சிவந்தது. காது சிவந்தது. "யாருடி மேடம்?" என்றாள். அந்தக் குரலை அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை. "யாருடைய குடும்பம்? இவனைத் தூக்கி வளர்த்தவ நான். என் சோறு இவன் உடம்புல ஓடுது. நேத்து வந்தவ நீ, எனக்கு நன்றி சொல்றியா?" வராந்தாவில் போன ஹாஸ்டல் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்றுவிட்டார்கள். நாற்காலி ஒன்று சரிந்து விழுந்தது. விசுக்கு புன்னகை மாறாமல், எங்கே வர வேண்டுமோ அங்கே வரவழைத்து நின்றாள். அவளுக்கு உள்ளங்கால் வரை இனித்தது.

அப்போது உள் அறையிலிருந்து சுண்டு புத்தகப் பையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தது. வீட்டுக்குப் போகிறோம் என்பது மட்டும்தான் அதற்குக் கேட்டிருந்தது. அம்மா நின்ற மாதிரியே குனிந்து, பையை முன்னால் பிடித்து, அம்மா சொன்ன ராகத்திலேயே விளையாட்டாகச் சொன்னது:

"ரொம்ப நன்றி மேடம்."

வார்டனின் கை மேலே போனது.

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விசுக்கு இதை நிதானமாகப் பார்த்தாள். பழைய விசுக்காக இருந்தால், அந்தக் கை தோளைத் தாண்டும் முன்னே பாய்ந்து, பிள்ளையை இழுத்து, வார்டனையும் கீழே தள்ளியிருப்பாள். தடுக்க வேண்டிய தூரம் நாற்காலி இரண்டு, அவ்வளவுதான். இப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்தது. கை ஏறுவது தெரிந்தது. மோதிரம் தெரிந்தது. சுண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சித்தப்பாவும் இவள் புருஷனும் வாசலில் நின்ற பெண்களும் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. எல்லாரும் பார்க்கட்டும், என்று நினைத்தாள். இரண்டு பாதமும் தரையில் இருந்தன.

அறை விழுந்தது. பையின் கனத்தோடு பிள்ளை சுவரில் போய் மோதியது.

அதற்கப்புறம் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது, அதைவிட நன்றாகவே நடந்தது. சித்தப்பா வலிக்கிற முழங்காலோடு எழுந்து நின்று, "பச்சைப் பிள்ளையையா அடிக்கிறே?" என்று கத்தினார். கணவன் அக்காவின் கையைப் பிடித்துத் தள்ளினான், வளர்த்த கையை. வாசல் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். வார்டன் தன் உள்ளங்கையைத் தானே பார்த்துக்கொண்டு, "நான் அடிக்கல, எப்படின்னு தெரியல, கை தானா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னது உண்மை என்று அந்த அறையில் ஒருத்திக்குத் தெரியும். ஆனால் அந்த ஒருத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்றார்கள். கணவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் தானாகப் பேசினான். "உன்னை என்னவோன்னு நினைச்சேன். இவ்வளவு நடந்தும் நீ கையைக்கூட அசைக்கல. நிஜமாவே மாறிட்டே" என்றான். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சுண்டுவைத் தூக்கக் கை நீட்டினாள். கன்னம் வீங்கி, மோதிரம் பட்ட இடம் கன்றியிருந்தது. பிள்ளை வரவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"வலிக்குதாடா?"

"நீ ஏம்மா வரல?"

"எங்கே?"

"அத்தை கையைத் தூக்கினாங்கல்ல. அப்போ."

"சட்டுன்னு நடந்துடுச்சு கண்ணு. அம்மா கவனிக்கல."

"இல்ல" என்றது சுண்டு. அழாமல், கோபப்படாமல், சும்மா சரியானதைச் சொல்கிற குரலில் சொன்னது. "நீ பாத்துக்கிட்டே இருந்தே."

கணவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிய ஆரம்பித்ததா இல்லையா என்று தெரியவில்லை. பஸ் வந்தது. அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினான், இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் உட்கார்ந்தான். விசுக்கு பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பொறுத்து, சுண்டுவுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்து, "ஆமா. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள். பிள்ளை தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.